எலி விழுந்த வீடு

1

2024 டிசம்பர் கடைசியில் நாக்பூரை அடுத்த கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன. போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வு நிறுவனம் பரிசோதித்து, காரணம் ஹெச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் கிருமி என்று சொன்னது. சந்திரபூர்ப் பக்கத்துக் காட்டோரங்களில் மனிதரோடு மோதல் நேர்ந்ததால் பிடித்துக் கொண்டுவரப்பட்ட மிருகங்கள் அவை. தீனியாகப் போட்ட கோழி இறைச்சியின் வழியே கிருமி போயிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. செய்தி வெளியானவுடன் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: மனிதருக்கு வருமா? இந்தப் பீளமேட்டில் உட்கார்ந்துகொண்டு நான் கேட்ட முதல் கேள்வியும் அதுவே. அந்தக் கேள்வி இயல்பானது. அதைக் கேட்டதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு காரியம் முடிந்துவிடுகிறதா என்பதுதான் என்னை உறுத்துகிறது.

நோய்களை ஆராய்பவர்கள் இப்படி முந்திச் சாகும் மிருகங்களைக் காவலாள் என்று அழைக்கிறார்கள். காவலாள் என்பவன் தெரிந்து காவலுக்கு நிற்கிறவன். அதற்கு அவனுக்குக் கூலி உண்டு. கோரேவாடாவின் புலி எதற்கும் காவல் நிற்கவில்லை. அது கூண்டில் தனக்குப் போடப்பட்டதைத் தின்றது, செத்தது. அதன் சாவை அறிவிப்பாக்கியது நாம். ஒரு சாவை இன்னொருவருக்கான அறிவிப்பாக வாசிப்பது நியாயமா, நியாயமென்றால் எந்த நிபந்தனையின் பேரில், என்பதே இங்கு என் விசாரம்.

கவிதையும் விமர்சனமும் பேசும் இப்பக்கங்களில் கோழிக் காய்ச்சலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒன்றை அதுவாகப் பார்ப்பதற்கும் வேறொன்றின் குறியீடாகப் பார்ப்பதற்கும் உள்ள தூரத்தைப் பற்றி நாம் வெகுகாலமாகப் பேசிவந்திருக்கிறோம். ஆல்பர்ட் காம்யுவின் 'கொள்ளைநோய்' நாவல் (1947) எலிகளின் சாவோடு தொடங்குகிறது. ஓரான் நகரத்தின் படிக்கட்டுகளிலும் சாக்கடைகளிலும் எலிகள் செத்து விழுகின்றன. பிறகு மனிதர்கள் சாகத் தொடங்கியதும் எலிகள் நாவலை விட்டுப் போய்விடுகின்றன. நோய் தணியும்போது உயிருள்ள எலிகள் மறுபடி தென்படுகின்றன. அதுவும் மனிதருக்கான நல்ல சேதியாகவே வருகிறது. மனித கௌரவத்தைப் பற்றி அவ்வளவு ஆழமாக யோசித்த ஒரு நாவலில் எலி வருவதும் போவதும் மணி அடிப்பதற்காக மட்டுமே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த நாவலின் அக்கறை வேறு. ஆனால் நம் பொதுப் பிரக்ஞையும் இன்று இதே அமைப்பில்தான் இயங்குகிறது என்பதைக் காட்ட இது உதவும்.

2

கிருமியின் கதையைக் கொஞ்சம் ஸ்தூலமாகப் பார்த்துவிடுவது நல்லது. பொதுப்படையாக 'இயற்கை நம்மைப் பழிவாங்குகிறது' என்று சொல்வது சௌகரியமானது, அதனாலேயே பயனற்றது.

இன்ஃபுளுவென்சா 'ஏ' வகைக் கிருமிகள் காட்டு வாத்துகளின், நீர்ப்பறவைகளின் குடலில் பெரும்பாலும் அதிகக் கேடு செய்யாமல் நெடுங்காலமாக இருந்து வருபவை. இவற்றில் ஹெச்5, ஹெச்7 என்ற இரண்டு வகைகள், ஆயிரக்கணக்கில் நெருக்கி வளர்க்கப்படும் கோழிக் கூட்டத்துக்குள் புகும்போது, கொல்லும் வடிவத்தை அடையக்கூடும். குளத்தில் தங்கியிருக்கும் பறவையைச் சீக்கிரம் கொன்றுவிடும் கிருமிக்கு அதோடு பயணம் முடிந்துவிடும். கொட்டகையில் அடுத்த பறவை ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. அங்கே கொல்வதால் கிருமிக்கு நஷ்டமில்லை. இன்று உலகைச் சுற்றிவரும் கிருமியின் மூதாதை 1996இல் தென் சீனத்தின் குவாங்டோங் மாகாணத்தில் வளர்ப்பு வாத்துகளிடையே கண்டறியப்பட்டது. மறு ஆண்டு ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். அந்நகரம் தன்னிடமிருந்த பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கோழிகளைக் கொன்றது. 2005இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் செத்தன. அவற்றில் மிகுதியானவை வரித்தலை வாத்துகள். இமயத்தைத் தாண்டிவந்து நம் கூந்தன்குளத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் அதே இனம். இந்தியாவில் முதன்முதல் அது வந்து இறங்கியது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நவாபூர்ப் பண்ணைகளில்.

பிறகு பாலூட்டிகள். தாய்லாந்தின் ஸ்ரீராச்சாவில் 2004இலேயே, பச்சைக் கோழி உடல்களைத் தின்ற புலிகளிடையே நோய் பரவி, 147 புலிகள் செத்தோ கொல்லப்பட்டோ போயின. 2022இல் ஸ்பெயினின் கலீசியாவில் தோலுக்காக மிங்க் வளர்க்கும் ஒரு பண்ணை. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மிருகங்கள் அழிக்கப்பட்டன. 2023இல் பெரு நாட்டுக் கரையில் ஆயிரக்கணக்கான கடற்சிங்கங்கள். அதே ஆண்டு அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் யானைச் சீல்கள்: அந்தப் பருவத்தில் பிறந்த குட்டிகளில் சுமார் 17,000, அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல், இறந்தன. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்ஸாஸ், கான்சாஸ் மாநிலங்களில் கறவை மாடுகளில் கண்டுபிடித்தார்கள், பாலிலேயே கிருமி. அதே ஆண்டு வியட்நாமின் தென்பகுதி விலங்குக் காட்சியகங்களில் 47 புலிகள். 2025 தொடக்கத்தில் மத்தியப்பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகள். அவ்வாண்டு மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இதனால் இறந்தது.

2003 முதல் உலகெங்கும் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு இந்நோய் கண்டதாகக் கணக்கு. அவர்களில் பாதிப்பேர் இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு ஓயாமல் பரவும் திறன் இதற்கு இன்னும் கைவரவில்லை. பறவையின் உடலில் கிருமி பற்றிக்கொள்ளும் கொக்கியும், நம் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் கொக்கியும் வேறு வேறு. பாலூட்டியின் உடலில் பெருகும் ஒவ்வொரு தடவையும் கிருமிக்கு ஒரு ஒத்திகை. ஆகவே சீல்களின் சாவைக் கவனிப்பது விஞ்ஞானத்தின் கடமை. இதில் எனக்கு மறுப்பில்லை.

இந்த வரிசையில் நான் கவனிக்கச் சொல்வது திசையை. காட்டுப் பறவை கொண்டுவருகிறது என்று நாம் பயப்படும் கிருமி, நம் கொட்டகைகளிலிருந்து காட்டுப் பறவைக்கும், அதிலிருந்து கடல் மிருகத்துக்கும் போனது. பண்ணைக்குக் காடு ஆபத்து என்பது பாதிக் கதை. காட்டுக்குப் பண்ணை ஆபத்தானது மறு பாதி. அந்த மறுபாதியை விட்டுவிட்டு, கடற்கரையில் கிடக்கும் குட்டிகளை நமக்கு வந்த எச்சரிக்கை என்று மட்டும் வாசிப்பது, நாம் அனுப்பிய கடிதம் திரும்பி வந்ததை யாரோ நமக்கு எழுதிய கடிதம் என்று எடுத்துக்கொள்வது போலத்தான்.

3

கோயம்புத்தூருக்கு இந்த வாசிப்பு புதிதில்லை. 1896இல் பம்பாய்க்கு வந்த பிளேக், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இங்கு வந்து, பல பத்தாண்டுகள் மறுபடி மறுபடி திரும்பியது. நகரத்தில் பல இடங்களில் இன்றும் இருக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அக்காலத்தின் எச்சம். எங்கள் அமுச்சி சிறுமியாக இருந்தபோது கண்டதாகச் சொல்வாள்: எலி விழுந்த வீட்டில் அன்றிரவு யாரும் படுப்பதில்லை. பானையும் பாயும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே, தோட்டத்துச் சாளைக்கோ ஓலைக் கொட்டகைக்கோ போய்விடுவார்கள். மாதக் கணக்கில் அங்கேதான் சமையல், அங்கேதான் பிரசவம். எலித் தெள்ளுப்பூச்சி வழியாகப் பிளேக் பரவுகிறது என்று பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898இல் சொன்னார். வெகுநாள் அவரை யாரும் நம்பவில்லை. தெள்ளுப்பூச்சியைப் பற்றி எங்கள் ஊருக்குத் தெரியாது. எலி விழுந்தால் வீட்டை விட வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

இதை நான் பொற்காலமாக்கவில்லை. போக ஒரு தோட்டம் இருந்தவன் போனான். தோட்டமில்லாதவன் யார் நிலத்தில் கொட்டகை போடுவது என்ற கேள்வி இருந்தது. அதில் சாதி இருந்தது. வெள்ளைக்கார அரசு ஆள் அனுப்பி வீடுகளைச் சோதித்தபோது ஜனங்கள் பிணங்களை மறைத்ததும் உண்டு. என்றாலும் அந்த வாசிப்பில் ஒரு அடிப்படையான நேர்மை இருந்ததாக எனக்குப் படுகிறது. எலியின் சாவை வாசித்தவன் அதற்கு விலை கொடுத்தான். தன் கூரையை விட்டு இறங்கினான். அறிகுறி அவன் வாழ்க்கையை மாற்றியது. எலி நடுமுற்றத்தில் கிடக்க, வாசலில் மட்டும் காவல் போட்டுவிட்டு உள்ளே தூங்கியவன் இல்லை அவன்.

இன்னொரு உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில், கியாசனூர் காட்டில், குரங்குகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. ஊராருக்கும் காய்ச்சல் கண்டது. உண்ணி மூலம் பரவும் அதைக் குரங்குக் காய்ச்சல் என்று நாம் அழைக்கிறோம். காட்டைத் திருத்தி வயலாக்கியதும், கால்நடைகளை உள்ளே மேயவிட்டதும் உண்ணிகளைப் பெருக்கி மனிதரிடம் கொண்டுவந்தன என்பது ஆய்வாளர் கூற்று. 2012 கடைசியில் அது பந்திப்பூரில், நம் முதுமலையின் எல்லையில், தென்பட்டது. அப்போது நோய் கண்டவர்கள் யார் என்று பாருங்கள்: செத்த குரங்குகளைக் கையாண்டு எரிக்கும் வேலையில் இருந்தவர்கள். அறிவிப்பு எல்லோருக்கும் பொதுவானது; அதை வெறும் கையால் எடுத்து வாசிக்க வேண்டியிருந்தது கடைசிப்படியில் நிற்பவன்தான்.

4

இப்போது நம் நாமக்கல்லுக்கும் பல்லடத்துக்கும் வருவோம். நாளொன்றுக்குச் சில கோடி முட்டைகள் நாமக்கல் வட்டாரத்திலிருந்து போகின்றன. சத்துணவுத் தட்டிலும் கேரளத்து டீக்கடையிலும் வளைகுடாவிலும் அவை இருக்கின்றன. பல்லடம், உடுமலை, பொங்கலூர்ப் பக்கம் கறிக்கோழி. மழையில்லாத மானாவாரிக் காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தவித்த குடியானவனுக்கு இத்தொழில் சோறு போட்டது என்பதை மறுக்க முடியாது. ஏழைக் குழந்தைக்கு அது முட்டை தந்தது. கோழிப்பண்ணைகளை இழுத்து மூடு என்று சொல்லும் உரிமை, பசி தெரியாத என் போன்றவனுக்கு இல்லை.

ஆனால் இத்தொழிலின் உறவுமுறை என்ன? ஒப்பந்தத்தில் ஒரு நாள் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையவை. செட், கரண்ட், தண்ணீர், கீழே பரப்பும் தேங்காய் நார்த்தூள், உழைப்பு எல்லாம் விவசாயியுடையவை. நாற்பது நாள் சுமாரில் கோழி போய்விடும். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வரும். தீவனம் எவ்வளவு தின்று எவ்வளவு எடை வைத்தது, எத்தனை செத்தது என்பதைப் பொறுத்துக் கூலி கூடும், குறையும். தினம் காலையில் செட்டுக்குள் ஒருவர் நடந்து செத்த கோழிகளைப் பொறுக்குகிறார். எண்ணிக்கை அட்டையில் ஏறுகிறது. அந்த ஒருவர் பல இடங்களில் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ குடும்பத்தோடு வந்து செட்டின் ஓரத்து அறையில் தங்கியிருப்பவர்.

ஒரு நாள் பத்துக்குப் பதிலாக இருநூறு சாகிறது என்று வைத்துக்கொள்வோம். உலகத்தின் முன்னேற்பாடு முழுக்க இப்போது அந்தக் கூலிக்காரர் சொல்லும் ஒரு வார்த்தையில் தொங்குகிறது. போபால் ஆய்வகமும், அதற்கு மேலே ஜெனீவாவின் சர்வதேச ஸ்தாபனமும், மரபணு வரிசையைப் படிக்கும் இயந்திரங்களும் அவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். சொன்னால் என்ன நடக்கும்? உறுதியானால் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழி, வாத்து அத்தனையும் கொல்லப்படும். பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. பக்கத்துக் குடிசையில் நான்கு நாட்டுக்கோழி வளர்க்கும் கிழவியின் கோழியும் அதில் அடக்கம். அரசு நஷ்டஈடு தருகிறது. 2021இல் கேரளத்தில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாய், குறைந்ததற்கு 100 ரூபாய் என்று கொடுத்தார்கள். நஷ்டஈடு செத்த பறவைக்கு. காலியாகக் கிடக்கும் செட்டுக்கும், வேலை போன கூலிக்கும், வங்கித் தவணைக்கும் என்ன கணக்கு? இதற்கிடையில் விலை சரியும்; நோய் இல்லாத ஊரிலும் சரியும். 2020 தொடக்கத்தில் கோழியால் கொரோனா பரவுகிறது என்ற வதந்தி ஒன்றே கறிக்கோழி விலையைத் தரையில் போட்டதை இந்த வட்டாரம் மறக்கவில்லை.

ஆக, உண்மையைச் சொல்கிறவன் அழிகிறான். சொல்லாமல் இருநூறையும் குழியில் போட்டு மூடுகிறவனுக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. இப்படி ஒரு நிர்ப்பந்தத்தில் ஒருவனை வைத்துவிட்டு அவன் நேர்மையை நம்பி உலகம் தூங்குகிறது. அவன் பொய் சொன்னால் அது அவனுடைய தனிப்பட்ட ஒழுக்கக் கேடு என்று நாம் பேசுவோம். அது சரியான பேச்சாகாது. உண்மையின் விலை முழுவதையும் ஒரே ஆள் தலையில் கட்டும் ஏற்பாடு, பொய்யை அவனிடம் கேட்டு வாங்குகிறது.

கேரளத்தின் ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்கு நோய் வரும்போதெல்லாம் நாம் வாளையாறு செக்போஸ்ட்டில் லாரிச் சக்கரங்களுக்கு மருந்து அடிக்கிறோம். 2021இலும் 2024இலும் அடித்தோம். அவசியமான காரியம்தான். அதே வேளையில் பாலக்காட்டுக் கணவாயில் செக்போஸ்ட்டுக்கு மேலே நாரைகளும் காக்கைகளும் பறந்து போய்க்கொண்டிருந்தன. பீளமேட்டை அடுத்த சிங்காநல்லூர்க் குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் பறவைகள் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடுவதில்லை. நோயை வெளியிலிருந்து வருவது என்று மட்டும் கற்பனை செய்யும் மனோபாவம் நம்முடையது. எல்லையில் தெளிக்கும் மருந்து அந்த மனோபாவத்துக்கு இதமாக இருக்கிறது. உள்ளே இருக்கும் உறவுகளை அது தொடுவதில்லை.

கொரோனாக் காலத்தில் இதே அவினாசி சாலையில், பொருட்காட்சிகள் நடக்கும் கொடிசியா அரங்கில் வரிசையாகக் கட்டில்கள் போட்டதைப் பார்த்தோம். 2021 மே இறுதியில் அன்றாடத் தொற்றில் கோவை சென்னையைத் தாண்டியது. கட்டில்கள் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும், தடுப்பூசி வேண்டும். இவற்றை எண்ணி வைப்பதை முன்னேற்பாடு என்கிறோம். இவையெல்லாம் நோய் வந்தபின் தேவைப்படுபவை. வருமுன் தேவைப்படுவது ஒரே ஒரு பொருள்: கீழேயிருந்து மேலே பயமின்றி ஏறிவரும் உண்மை. அதைக் கொள்முதல் செய்ய டெண்டர் விட முடியாது.

5

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

ஒன்று, சீலுக்கும் புலிக்கும் தம் சாவின் அர்த்தம் தெரியாது. அர்த்தம் என்பதே மனிதன் கொடுப்பது. எனவே அதை அவன் தனக்காகக் கொடுத்துக்கொள்வதில் என்ன தவறு? அர்த்தம் நம்முடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அதனால் வரும் கடனும் நம்முடையதே. வாசிக்கிறவன் அவன் ஒருவன்தான் என்றால், வாசித்தபின் ஏதாவது செய்ய வேண்டியவனும் அவன் ஒருவன்தான். எழுத்தைப் பற்றி நாம் எப்போதும் வற்புறுத்தி வந்திருப்பதும் இதுதான்: வாசித்தவனை வாசிப்பு எங்காவது தொட வேண்டும்.

இரண்டு, ஆபத்து நேரத்தில் மனிதன் தன் இனத்தைத்தான் முதலில் காப்பான். மிருகத்துக்காக அழுவது அப்புறம். இதையும் மறுக்கவில்லை. என் குழந்தைக்கும் ஒரு புலிக்குட்டிக்கும் இடையில் நான் தடுமாற மாட்டேன். ஆனால் இங்கே அப்படி ஒரு தேர்வே இல்லை. கூண்டுப் புலிக்குச் சோதிக்காத கோழியைப் போடாதிருப்பது எந்த மனிதனுக்கும் கேடு செய்யாது. குளக்கரையை விட்டுப் பண்ணையைத் தள்ளிக் கட்டுவதும், செத்த கோழியைப் பள்ளத்தில் வீசி நாய்க்கும் கீரிக்கும் விடாமல் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதும், செட்டில் வேலை செய்பவருக்குக் கையுறையும் முகக்கவசமும் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு விடுப்பும் தருவதும், மனிதனையும் மிருகத்தையும் ஒரே சமயத்தில் காப்பவை. 2023 அக்டோபர் முதல் பிரான்ஸ் தன் பண்ணை வாத்துகளுக்குத் தடுப்பூசி போடுகிறது. அதனால் ஏற்றுமதி பாதிக்கும் என்பது பல நாடுகளின் தயக்கம். தடுப்பூசி போட்டால் கிருமி மறைந்து திரியும் என்ற விஞ்ஞானத் தயக்கமும் நியாயமானதே. இரண்டையும் கலந்து பேசாமல், எது வியாபாரம், எது விஞ்ஞானம் என்று பிரித்துச் சொன்னால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். இங்கெல்லாம் மோதல் மனிதனுக்கும் மிருகத்துக்கும் இடையில் நிகழவில்லை. கிலோவுக்குச் சில ரூபாய்க்கும் அவ்விருவருக்கும் இடையில் நிகழ்கிறது.

என் நிபந்தனையை இப்போது சொல்லிவிடலாம். ஒரு சாவை அறிவிப்பாக வாசிக்க நமக்கு உரிமை உண்டு. அந்த வாசிப்பின் விலையை வாசிப்பவர்கள் எல்லோரும் பகிர்ந்துகொண்டால். முட்டை தின்கிற நானும், விற்கிற கம்பெனியும், வரி வாங்கும் அரசும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பகிரப்படாத இடத்தில் அறிவிப்பு என்ற சொல் வெறும் சௌகரியம். மிருகம் சாகிறது, கூலிக்காரர் பொறுக்குகிறார், விவசாயி அழிகிறார். எஞ்சியவர்கள் எச்சரிக்கை பெற்றவர்களாக எழுந்து போகிறோம்.

பொங்கலூர்ப் பக்கம் எங்கோ ஒரு செட்டில் நாளைக் காலையும் ஒருவர் நார்த்தூளின் மேல் நடந்து செத்த கோழிகளை எண்ணுவார். அட்டையில் அன்றைய தேதிக்கு நேரே ஒரு எண்ணை எழுதுவார். உள்ளது உள்ளபடி அந்த எண்ணை எழுதுவதால் தனக்கும் தன்னை வேலைக்கு வைத்தவருக்கும் அடுத்த மாதம் சோறு இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று அது அவருக்குத் தெரியாது. நம் தயார்நிலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.